கற்பனைக் கிரகங்களை எந்தக் கோலால் அளப்பது?

விஞ்ஞானப் புனைகதை எழுதுகிறவருக்கு ஒரு கிரகம் போதும் என்றால் பிரச்சினையில்லை. அதன் மண், காற்று, மக்கள், இயந்திரங்கள் எல்லாவற்றையும் ஆறுதலாக விவரித்துவிடலாம். ஆனால் மனிதர் நட்சத்திரங்களுக்கிடையே பரவி, நூற்றுக்கணக்கான கிரகங்களில் குடியேறிவிட்ட ஒரு காலத்தைக் கற்பனை செய்தால் கணக்கு வேறு. ஒரு கிரகத்தில் ரொக்கெட் பறக்கிறது. பக்கத்துக் கிரகத்தில் மாட்டுவண்டி ஓடுகிறது. இன்னொன்றில், முதலில் வந்திறங்கியவர்களின் கொள்ளுப்பேரர்கள் துருப்பிடித்த கப்பலுக்குள் ஆடு கட்டுகிறார்கள். இவை ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரே பார்வையில் சொல்ல ஒரு குறியீடு தேவைப்படுகிறது. அந்தத் தேவையில் பிறந்ததுதான் 'தொழில்நுட்பப் படித்தரம்' என்ற எண்.

இந்த எண்ணை ஒழுங்காகச் சட்டமாக்கி வைத்தது நாவலல்ல, ஒரு விளையாட்டு. 1977 இல் அமெரிக்காவில் மார்க் மில்லர் வடிவமைத்து, கேம் டிசைனர்ஸ் வர்க்‌ஷொப் என்ற நிறுவனம் வெளியிட்ட 'டிராவலர்' அது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி நடித்து, தாயக்கட்டை உருட்டிக் கதையை நகர்த்துகிற வகை விளையாட்டு. ஒருவர் நடுவர். போகிற கிரகமெல்லாம் அவர் கையில். அத்தனை கிரகங்களையும் ஒரு மனிதர் இரவோடிரவாக யோசித்துத் தீராது என்பதால், தாயக்கட்டையை உருட்டியே கிரகத்தை உண்டாக்க ஒரு முறை செய்தார்கள்.

அதில் ஒரு கிரகத்தின் சரித்திரம் முழுதும் ஒரு வரிக்குள் அடங்கும். உதாரணமாக 'ஏ867974-சி'. முதல் எழுத்து விண்கப்பல் துறைமுகத்தின் தரம், 'ஏ' என்றால் முதல்தரம். 8 என்பது கிரகத்தின் விட்டம் ஏறக்குறைய 8000 மைல், அதாவது நமது பூமியளவு. 6 சுவாசிக்கக்கூடிய வளிமண்டலம். 7 என்றால் எழுபது வீதம் நீர். 9 என்றால் சனத்தொகை நூறு கோடிக் கணக்கில். அடுத்த 7 ஆட்சிமுறை: பல நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. 4 சட்டத்தின் இறுக்கம். கோட்டுக்குப் பின்னால் நிற்கும் 'சி' தான் நமது விஷயம். ஒன்பதுக்கு மேல் எழுத்து வருவதால் 'சி' என்பது 12.

இந்த 12 எப்படி வந்தது? ஒரு தாயக்கட்டையை உருட்ட வேண்டும். வந்த எண்ணோடு கூட்டல் கழித்தல். முதல்தரத் துறைமுகத்துக்கு 6 கூட்டு, சனத்தொகை 9 என்பதற்கு 2 கூட்டு, உருட்டியது 4. ஆக 12. துறைமுகமே இல்லையென்றால் 4 கழிக்க வேண்டும்.

கிரகம் சிறியதாக, காற்றில்லாததாக இருந்தால் மூன்று புள்ளிவரை கூடும் என்பதுதான் இந்த அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த விதி. வறண்ட பாறைக்கு ஏன் கூடுதல் புள்ளி என்று முதலில் தோன்றும். யோசித்துப் பார்த்தால் சரிதான். காற்றைக்கூட இயந்திரத்தால் செய்ய வேண்டிய இடத்தில் தொழில்நுட்பம் குறைந்தவர்கள் வாழவே முடியாது. அங்கே மனிதர் இருக்கிறார்கள் என்பதே அவர்களிடம் இயந்திரம் இருக்கிறது என்பதற்குச் சாட்சி. பச்சைப்பசேல் கிரகத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஆடு மேய்த்தும் பிழைக்கலாம். குடியேற்றம் பற்றிய நுட்பமான அவதானம் இது. பெரிய நாவலாசிரியர்கள் சிலருக்கே இது தோன்றவில்லை.

ஆனால் அதே அட்டவணையில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஆட்சிமுறைக் குறியீடு 'டி' என்றால் 2 கழிக்க வேண்டும். 'டி' என்பது மதச் சர்வாதிகாரம். சர்வாதிகாரம் என்பதற்காகக் கழிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீங்க. மக்களைக் கவர்ந்த தனிமனித சர்வாதிகாரிக்குத் தனிக் குறியீடு உண்டு, அவருக்கு ஒரு புள்ளியும் குறையாது. ஆட்சியே இல்லாத கிரகத்துக்கு 1 கூடும். தொழில்நுட்ப நிலப்பிரபுக்களின் ஆட்சிக்கும் 1 கூடும். குறைவது மதத்துக்கு மாத்திரம். மேலே சொன்ன நமது கிரகத்தை மத ஆட்சியாக மாற்றிப் பாருங்கள், 12 என்பது 10 ஆகிவிடும். இது சும்மா எண்ணல்ல. 12 இல் உள்ள கிரகம் ஒரே பாய்ச்சலில் மூன்று பார்செக் போகும் கப்பலைக் கட்டலாம், ஒரு பார்செக் என்பது மூன்றேகால் ஒளியாண்டு. 10 இல் உள்ளது ஒரு பார்செக்கோடு நிற்க வேண்டும்.

இது முஸ்லிம்களை நினைத்து எழுதப்பட்ட விதி என்று நான் சொல்லவரவில்லை. ஐரோப்பாவில் தேவாலயமும் விஞ்ஞானமும் மோதிய கதை அவர்களது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, அந்த நினைவு தாயக்கட்டைக்குள் இறங்கிவிட்டது. நம் பக்கமும் இதற்குச் சாட்சி இல்லாமலில்லை. இஸ்தான்பூலில் தகியுத்தீனுக்காக 1577 இல் எழுந்த வானாய்வுக்கூடம் 1580 இல் சுல்தான் மூன்றாம் முராத்தின் உத்தரவில் இடிக்கப்பட்டது. ஆனால் 14 ஆம் நூற்றாண்டில் கிரகங்களின் இயக்கத்துக்கு இப்னு ஷாதிர் அமைத்த கணித மாதிரிகள் பிற்காலத்துக் கொப்பர்னிக்கஸின் மாதிரிகளோடு வியக்கத்தக்க விதமாக ஒத்துப்போகின்றன. அவர் செய்த தொழில் என்ன? டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கிற முவக்கித். பள்ளிவாசல் சம்பளத்தில் வானியல் வளர்ந்திருக்கிறது. அந்த அட்டவணையில் இந்த இரண்டு சம்பவங்களையும் எங்கே வைப்பது? நிலையான ஒரு கழித்தல் எண், இடித்ததை மட்டும் பார்க்கும், கட்டியதைப் பார்க்காது.

சரி, படிகளைப் பார்ப்போம். பூச்சியம் கற்காலம். 1 என்பது வெண்கலக் காலம் முதல் மத்திய காலம் வரை. 2 என்பது 1400 முதல் 1700 வரை, 3 அங்கிருந்து 1860 வரை. பிறகு படிகள் நெருங்குகின்றன: 4 என்பது 1900 வரை, 5 என்பது 1939 வரை, 6 என்பது 1969 வரை. 7 என்பது 1970 முதல் 1979 வரை, வெறும் பத்து வருடம்! 9 இல் நட்சத்திரப் பாய்ச்சல் தொடங்குகிறது. அந்தக் கதையுலகத்தின் பேரரசு எட்டிய உச்சம் 15.

வெண்கலக் காலத்திலிருந்து மத்திய காலம் முடியும்வரை நாலாயிரம் வருடத்துக்கு மேல் வரும். அத்தனைக்கும் ஒரே ஒரு படி. விளையாட்டைச் செய்தவர்கள் வாழ்ந்த பத்து வருடத்துக்கும் ஒரு படி. கிட்ட நிற்பது பெரிதாகத் தெரியும், தூர நிற்பது புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புள்ளிக்குள் யார் யார் அடைபட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒளியியலை எழுதிய இப்னுல் ஹைதம், 1206 இல் தன் இயந்திரங்கள் பற்றிய நூலை முடித்த அல்-ஜஸரி, சீனத்து அச்சுக்கலைஞர் எல்லாரும் பபிலோனியக் குயவரோடு ஒரே பெஞ்சில்.

நமது நாட்டவரும் அதே பெஞ்சில்தான். ஜில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் சமனலவெவ பகுதியில், அணைக்கட்டு நீரில் மூழ்கவிருந்த நிலத்தில் ஆய்வு செய்து, 1996 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். மலைச்சரிவுகளில், மேற்குப் பக்கம் பார்த்தபடி இரும்புருக்கும் உலைகள். துருத்தி ஊத ஆள் கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்றே உலையை ஊதியிருக்கிறது. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரையான காலம். அதே மாதிரி ஓர் உலையைக் கட்டி எரித்துப் பார்த்தபோது காபன் கூடிய உருக்கு நேரடியாகவே கிடைத்தது. 9 ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றித் தனி நூல் எழுதிய தத்துவஞானி அல்-கிந்தி, வாள் வகைகளைப் பிரிக்கையில் ஸரந்தீப் வாள்களையும் சேர்த்திருக்கிறார். பக்தாத்வரை பெயர்போன இரும்பு. விளையாட்டின் அட்டவணையில் அதற்குரிய எண் 1.

இப்படி மனிதரைப் படியில் அடுக்குவது டிராவலர் கண்டுபிடித்த விஷயமல்ல. கல், வெண்கலம், இரும்பு என்ற மூன்று காலப் பிரிப்பை டென்மார்க்கின் தொம்சன் நூதனசாலைப் பொருட்களை ஒழுங்குபடுத்துவதற்காகச் செய்தார். பொருளை அடுக்க அது நல்ல வழி. மக்களை அடுக்கியவர் அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மோர்கன். 1877 இல் வந்த 'பண்டைய சமூகம்' என்ற நூலில் காட்டுநிலை, அநாகரிக நிலை, நாகரிகம் என்று மூன்றாகப் பிரித்து, முதலிரண்டையும் மும்மூன்றாக உடைத்தார். ஒவ்வொரு படிக்கும் ஓர் அடையாளப் பொருள்: வில்லும் அம்பும், மட்பாண்டம், இரும்புருக்கல், எழுத்து என்று போகும். இதில் மாட்டிக்கொண்டவர்கள் ஹவாய்த் தீவினர். மட்பாண்டம் கிடையாது, வில்லம்பும் படிக்குரியபடி இல்லை, ஆகவே காட்டுநிலையின் நடுப்படி. அந்தத் தீவினரோ விரிவான நீர்ப்பாசனமும் மீன்வளர்ப்புக் குளங்களும் நட்சத்திரம் பார்த்துச் செய்த கடற்பயணமும் உடையவர்கள். மோர்கன் எழுதிய அந்த வருடத்தில் அங்கே ஓர் அரசு நடந்துகொண்டிருந்தது. பானை இல்லாததால் மூளையும் இல்லை என்று கணக்கு முடிந்துவிட்டது.

மோர்கனுக்கு எண்ணூறு வருடம் முந்திய ஒரு அடுக்கும் நமது மரபில் உண்டு. தொலேதோ நகரத்தின் காழியாக இருந்த ஸாயித் அல்-அந்தலுஸி 1068 இல் எழுதிய 'தபகாத்துல் உமம்'. அவர் சமூகங்களை இரண்டாகப் பிரித்தார்: அறிவுத்துறைகளை வளர்த்தவை, வளர்க்காதவை. இந்தியர், பாரசீகர், கல்தேயர், கிரேக்கர், ரோமர், எகிப்தியர், அரபியர், எபிரேயர் என்று எட்டுச் சமூகங்கள் முதற்பிரிவில். சீனரை அவர் இரண்டாம் பிரிவில் போட்டார். ஆனால் அவர்களது கைத்திறனையும் ஓவியத் திறனையும் மனந்திறந்து புகழ்ந்துவிட்டுத்தான் போட்டார். அதாவது பொருள் செய்யத் தெரிவது வேறு, ஏனென்று தெரிவது வேறு என்று அவர் இரண்டு கோலாகப் பிரித்து வைத்திருக்கிறார். சீனரைப் பற்றி அவர் சொன்னது பிழை. கோலைப் பிரித்தது சரி. வட ஐரோப்பியரைப் பற்றியும் எழுதியிருக்கிறார்: குளிர் அவர்களது புத்தியை மழுங்கடித்துவிட்டது, மிருகங்களுக்கு நெருங்கியவர்கள் என்று. அந்த வரியை வாசிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரும். மோர்கனை வாசிக்கிற ஹவாய்க்காரருக்கு அப்படி வந்திருக்காது. எழுதுகிறவர் எந்த ஊரில் இருந்தாலும் ஏணியின் உச்சி அவர் வீட்டு முற்றத்தில்தான் முடிகிறது.

புனைகதைக்காரர்களில் சிலருக்கு இந்தக் குறை தெரிந்தே இருந்தது. 1967 இல் ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' தொடரில் ஒரு கதை. ஓர்கானியா என்ற கிரகத்துக்குக் கப்பற் தலைவனும் அவனுடைய உதவியாளனும் போகிறார்கள். மத்தியகாலக் கிராமம் போல ஓர் இடம், ஆடு, கிழவர்கள், கல் வீடு. உதவியாளன் கருவியைப் பார்த்துவிட்டு, கலாசாரங்களின் அளவுகோலில் இது மிகத் தாழ்ந்த வகுப்பு என்று தீர்ப்புச் சொல்கிறான். பல்லாயிரம் வருடமாக ஒரு முன்னேற்றமும் இல்லையாம். கடைசியில் பார்த்தால் அந்தக் கிழவர்கள் உடம்பே தேவைப்படாத சக்தி வடிவங்கள், இரண்டு பேரரசுகளின் போர்க்கப்பல்களையும் இருந்த இடத்திலிருந்தே செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள். கதை கொஞ்சம் லேசானது என்றாலும் அளப்பவனுக்குக் கிடைக்கிற அடி பலமானது.

பிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' (1965) வேறுவிதமாக ஏணியை உடைக்கிறது. சிந்திக்கும் இயந்திரங்களுக்கெதிராக முன்பொரு பெரும் புரட்சி நடந்து, கணினி செய்வதே மார்க்கரீதியாக விலக்கப்பட்ட உலகம் அது. அந்தப் புரட்சிக்கு ஆசிரியர் ஜிஹாத் என்ற சொல்லையே போட்டார். கணினியில்லாததால் கணக்குப்போடப் பயிற்றப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். நட்சத்திரப் பயணமும் நடக்கிறது. பாலைவனத்து மக்கள் உடல் வியர்வையை வடித்துக் குடிநீராக்கும் உடையைக் கையால் செய்கிறார்கள். கணினியால் அளந்தால் பாதாளம், கப்பலால் அளந்தால் உச்சி. ஒற்றை எண் இங்கே படுத்துவிடும்.

இதைக் கண்டுதானோ என்னவோ, ஸ்டீவ் ஜாக்சனின் 'கர்ப்ஸ்' விளையாட்டு ஏணியைக் கொஞ்சம் வளைத்தது. அதன் 2004 ஆம் ஆண்டுப் பதிப்பில் பூச்சியத்திலிருந்து 12 வரை படிகள். மத்தியகாலத்துக்கும் இரும்புக்காலத்துக்கும் வெண்கலக் காலத்துக்கும் தனித்தனிப் படி கொடுத்திருக்கிறார்கள். போக்குவரத்து, ஆயுதம், மருத்துவம் என்று துறைக்குத் துறை வேறு எண் போடவும் இடமுண்டு. நமது சரித்திரம் போகாத வழியில் போன உலகத்துக்கு '5+1' என்பது போல எழுதலாம்: ஐந்தாம் படிவரை நம்மோடு வந்தார்கள், பிறகு பிரிந்து தங்கள் வழியில் ஒரு படி ஏறினார்கள். ஒரு கூட்டல் குறிதான். ஆனால் எல்லாரும் ஒரே படிக்கட்டில் ஏறியாக வேண்டியதில்லை என்பது முதன்முறையாக அந்தக் குறிக்குள் வந்துவிட்டது. வானியலாளர் கார்தஷேவ் 1964 இல் சொன்ன மற்றொரு அளவும் உண்டு, ஒரு நாகரிகம் பாவிக்கும் சக்தியை வைத்து மூன்று வகை. முதல்வகைக்கே பூமி இன்னும் எட்டவில்லை என்பதால் குடியேற்றக் கதைகளுக்கு அது அவ்வளவாக உதவாது.

இந்தப் படித்தரத்தை என் சகோதரியின் மகனுக்கு ஒருநாள் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். அவன் கேட்டான்: "மாமா, அப்ப நம்மட நாட்டுக்கு எத்தன போடுவாங்க?"

"எத வெச்சிப் போடுற மகன்? பாவிக்கிறதயா, செய்றதயா?"

"பாவிக்கிறதுதானே. எல்லார்ட கையிலயும் போன் இருக்கே."

"அத இங்க செய்றாங்களா?"

"செய்ற இல்ல. உடைஞ்சா திருத்துவாங்க."

அவனுடைய கடைசி வசனத்தில் ஒரு வகைப்பாடே இருக்கிறது. பாவிப்பது, திருத்துவது, செய்வது, ஏனென்று அறிவது என்று நாலு படி. ஒரு குடியேற்றக் கிரகத்தின் உயிர் இந்த நாலுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் தொங்குகிறது. கப்பல் வராமல் போகிற நாளில் தூரம் தெரிந்துவிடும். 2022 இல் நமக்கு அது தெரிந்தது. டொலர் முடிந்தது, எண்ணெய்க் கப்பல் கடலில் நின்றது, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. கையிலிருந்த போன் அதே போன்தான், நமது படித்தரத்தைத்தான் யாரோ இரவோடிரவாக இறக்கிவிட்டார்கள்.

ஐசக் அசிமோவ் இதைக் கரு ஆக்கி எழுதியவர். 1951 இல் நூலாக வந்த 'பவுண்டேஷன்' கதையில் ஒரு பேரரசு நொறுங்குகிறது. விளிம்பிலுள்ள டெர்மினஸ் என்ற சிறு கிரகத்தில் கலைக்களஞ்சியம் தொகுக்கிற அறிஞர்கள் குடியேறியிருக்கிறார்கள். உலோகமே இல்லாத கிரகம். பக்கத்து ராச்சியத்தின் தூதுவர் மிரட்ட வருகிறார். நகர மேயர் ஹார்டின் பேச்சோடு பேச்சாக அணுமின் நிலையம் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார். தூதுவர் மழுப்புகிறார். அந்த மழுப்பலிலிருந்து, அந்த ராச்சியத்தில் கப்பல் பறந்தாலும் அணுசக்தி கைவிட்டுப் போய், எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் திரும்பிவிட்டார்கள் என்று மேயர் பிடித்துவிடுகிறார். பிறகு டெர்மினஸ் அந்த ராச்சியங்களுக்கு அணு நிலையங்களை நடத்திக் கொடுக்கிறது, ஒரு மதத்தின் பெயரால். இயக்குகிறவர்கள் பூசாரிகள். எந்த விசையை எப்போது அழுத்துவது என்று தெரியும், ஏனென்று தெரியாது. ஒளி எரிகிறது, ஆஸ்பத்திரி நடக்கிறது, டிராவலர் எண்ணைப் போட்டால் நல்ல எண்ணே விழும். ஆனால் டெர்மினஸ் விரும்பிய அன்று எல்லாம் அணையும். ஸாயித் அல்-அந்தலுஸி பிரித்த இரண்டு கோலையும் இங்கே வைத்துப் பார்த்தால்தான் அந்த ராச்சியங்களின் நிலை விளங்கும்.

ஆதர் சி. கிளார்க்கை விட்டுவிட முடியாது. 1956 முதல் 2008 இல் மரணிக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். அவரது 'தொலைதூர பூமியின் கீதங்கள்' (1986) தலஸ்ஸா என்ற கடற்கிரகத்தைப் பற்றியது. மூன்றே தீவுகள். பூமியிலிருந்து வந்த விதைக்கப்பலின் இயந்திரங்கள் வளர்த்த குழந்தைகளின் சந்ததியினர் அங்கே வாழ்கிறார்கள். அவர்களுக்கென்று அனுப்பிய நூலகத்திலிருந்து வேதங்களும் பைபிளும் திரிபிடகமும் அல்-குர்ஆனும் முன்கூட்டியே நீக்கப்பட்டிருந்தன. மதம் இல்லையேல் சண்டையும் இல்லை என்பது பூமியிலிருந்தவர்களின் கணக்கு. டிராவலர் அட்டவணையில் கழித்த 2 இங்கே நூலகத்திலேயே கழிக்கப்பட்டுவிட்டது. விகாரையும் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே வீதியில் நிற்கிற கொழும்பில் இருந்துகொண்டு அவர் இதை எழுதியிருக்கிறார்.

ஆனால் கிளார்க் நேர்மையான கதைசொல்லி. சண்டையில்லாத தலஸ்ஸாவில் நாலு நூற்றாண்டுக்கு முன் எரிமலை வெடித்து, பூமியோடு தொடர்புகொள்ளும் அலைவாங்கி அழிந்துபோனது. திரும்பக் கட்ட அவர்களுக்குத் தெரியும், பொருளும் உண்டு. பார்ப்போம், பார்ப்போம் என்று தள்ளிப்போட்டு நானூறு வருடம் ஓடிவிட்டது. அதற்கிடையில் பூமியே அழிந்த செய்தி, கடைசி மனிதர்களை ஏற்றிய கப்பல் வந்து இறங்கியபோதுதான் அவர்களுக்குத் தெரிகிறது. பாவிப்பது, திருத்துவது, செய்வது, அறிவது என்ற நாலிலும் இவர்களுக்குக் குறைவில்லை. இல்லாதது செய்ய வேண்டும் என்ற எண்ணம். அந்த ஒற்றை எண் அதை அளப்பதில்லை.

தமிழில் குடியேற்றக் கிரகம் ஒன்றை எழுத நினைக்கிற இளைஞர்கள் டிராவலரின் அந்த ஒற்றை வரியிலிருந்து தொடங்குவதில் தப்பில்லை, மிகவும் வசதியான கருவி அது. மத ஆட்சிக்குக் கழிக்கிற 2 பிடிக்காதவர்கள் அதை வெட்டிவிட்டும் விளையாடலாம். தாயக்கட்டை தந்த கிரகத்தை ஒதுக்கிவிட்டுத் தான் யோசித்த கிரகத்தை வைக்க நடுவருக்கு உரிமையுண்டு என்று 1977 ஆம் ஆண்டு விதிப்புத்தகமே சொல்கிறது.